அணி மாறும் சைக்கிள் வீரனும் அவன் வீட்டாரும்

2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி, பெல்ஜியத்தின் ரெம்கோ ஏவனபூல் தன் அணியை விட்டு விலகுகிறார் என்ற அறிவிப்பு வந்தது. சூடால் குயிக்ஸ்டெப் அணியுடன் அவருக்கிருந்த ஒப்பந்தம் 2026 இறுதிவரை செல்ல வேண்டியது. அதை ஓர் ஆண்டு முன்னதாகவே முடித்துக்கொண்டு, ஜேர்மனியின் ரெட் புல் போரா ஹன்ஸ்குரோஹே அணிக்காக 2026 முதல் ஓடச் சம்மதித்திருந்தார். அப்போது அவருக்கு வயது 25. ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், உலகப் பட்டங்கள், ஸ்பெயினின் மூன்று வார ஓட்டமான வுவெல்டாவில் வெற்றி என்று பலர் ஓய்வு பெறும் வயதிலும் எட்டாததை எட்டிவிட்டவர். பிறகு ஏன் போனார்?

மட்டக்களப்பில், பிரான்ஸின் மூன்று வார சைக்கிள் ஓட்டமான டூர் டி பிரான்ஸைக் கைத்தொலைபேசியில் பார்க்கும் இளைஞர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: கூடுதல் பணம் கொடுத்திருப்பார்கள். காற்பந்து வீரர்களின் இடமாற்றச் செய்திகளைப் படித்துப் பழகிய மனம் அப்படித்தான் நினைக்கும். பணம் ஒரு காரணமாக இல்லாமல் இருக்காது. ஆனால் சைக்கிள் ஓட்டத்தில் அணி மாறுவது என்பது சம்பளத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு அல்ல. அது எப்படி எடுக்கப்படுகிறது, வீட்டார் அதில் எங்கே நிற்கிறார்கள் என்பதை நம் பகுதிப் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன். இங்கேயும் ஓடத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் இதே கேள்வி வேறு உடுப்பில் வந்து நிற்கிறது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வழியாகக் கல்முனைக்கு சைக்கிளில் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது தனியே மிதிப்பவன் பாதி வழியிலேயே களைத்துவிடுவான். இன்னொருவனின் மறைவில் ஒட்டிக்கொண்டு போகிறவன் அதே வேகத்தில் பேசிக்கொண்டே போவான். சமதரையில் வேகமாக ஓடும்போது ஒருவனின் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. முன்னால் செல்பவரின் பின்னால் நெருங்கி ஓடினால் அந்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கலாம். பெரிய கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் அதிகம் மிஞ்சும். சைக்கிள் ஓட்டம் தனிமனிதப் போட்டி போலத் தெரிந்தாலும் அணி விளையாட்டாக இருப்பதற்கு இந்த ஒன்றே காரணம்.

டூர் டி பிரான்ஸில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அவர்களில் ஒருவர், சில அணிகளில் இருவர், வெல்வதற்காக ஓடுகிறார்கள். மற்றவர்கள் அவருக்குக் காற்றை மறைக்கிறார்கள், பின்னால் வரும் அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து வந்து கொடுக்கிறார்கள், அவருடைய சில்லு பழுதானால் தங்கள் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீதியோரத்தில் நிற்கிறார்கள். மூன்று வாரம் முழுவதும் இப்படி உழைத்துவிட்டு, வென்றவரை விட இரண்டு மூன்று மணித்தியாலம் பின்தங்கி வந்து சேர்வார்கள். முதலிடத்துக்கான பரிசு 500,000 யூரோ. அந்தத் தொகையை வென்றவர் தனக்கென வைத்துக்கொள்வதில்லை, துணை நின்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதே வழக்கம்.

ஆகவே ஓர் இளம் வீரனுக்கு இரண்டு அணிகள் அழைப்பு விடுத்தால், அவன் எடைபோட வேண்டிய முதல் விஷயம் அங்கே தனக்கு என்ன வேலை என்பது. தனக்காக யார் காற்றை மறைப்பார்கள்? தான் யாருக்காக மறைக்க வேண்டும்? எந்த ஓட்டங்களுக்கு அனுப்புவார்கள்? மலை ஏறத் தெரிந்தவனை மலையில்லாத ஓட்டங்களில் இறக்கினால் இரண்டு ஆண்டுகளில் அவன் பெயர் மறந்துபோகும்.

ஏவனபூலின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் விலகல் புரிகிறது. அவர் 2000 ஜனவரியில் பிறந்தவர். சிறுவயதில் காற்பந்துதான் அவருடைய உலகம். ஆன்டர்லெக்ட், பிஎஸ்வி ஐந்தோவன் கழகங்களின் இளையோர் அணிகளில் வளர்ந்து, பெல்ஜியத்தின் இளையோர் தேசிய அணிக்கும் ஆடியவர். 2017இல் காற்பந்தை விட்டு சைக்கிளுக்கு வந்தார். அடுத்த ஆண்டே, 2018இல், இளையோர் உலகப் போட்டியில் வீதி ஓட்டத்தையும், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புறப்பட்டு நேரத்தோடு போட்டியிடும் தனிநேர ஓட்டத்தையும் வென்றார். 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இரண்டு மூன்று ஆண்டுகள் பழகிவிட்டுத்தான் தொழில்முறைக்குப் போவார்கள் என்பது அக்காலத்துப் பழக்கம். அவர் அந்தப் படியைத் தாண்டி 19 வயதில் நேராக உலகின் முன்னணி அணியான குயிக்ஸ்டெப்புக்குள் நுழைந்தார். அந்த ஆண்டே சான் செபஸ்தியான் ஓட்டத்தில் வெற்றி.

வேகமாக ஏறியவருக்கு வீழ்ச்சியும் வேகமாக வந்தது. 2020 ஆகஸ்டில் இத்தாலியின் லொம்பார்டியா ஓட்டத்தில் பாலமொன்றின் சுவரில் மோதிப் பள்ளத்துக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் ஓட முடியவில்லை. மீண்டு வந்து 2022இல் வுவெல்டாவையும் உலக வீதி ஓட்டப் பட்டத்தையும் சில வாரங்களுக்குள் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநேர ஓட்டத்திலும் வீதி ஓட்டத்திலும் தங்கம் பெற்றார். ஆண்களில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டையும் வென்ற முதலாமவர் அவர்தான். அதே ஆண்டு டூர் டி பிரான்ஸில் மூன்றாம் இடம்.

அந்த மூன்றாம் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. குயிக்ஸ்டெப் அணி ஒருநாள் ஓட்டங்களுக்கும் கடைசி விரைவோட்டங்களுக்கும் பேர்போன அணி. மூன்று வாரம் மலைகளில் ஒரு தலைவனைச் சுமந்து செல்லும் வேலைக்காக அது கட்டப்பட்டதல்ல. 2024இல் ஸ்பானியரான மிக்கேல் லண்டா மலையில் துணை நின்றார், தானும் ஐந்தாவதாக வந்தார். 2025 மே மாதம் இத்தாலியின் மூன்று வார ஓட்டத்தின் முதல் நாளிலேயே லண்டா விழுந்து முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அவ்வாண்டு டூரில் ஏவனபூலுக்கு மலைத்துணை மெலிந்திருந்தது. அவருடைய உடலும் முழுமையாகத் தேறியிருக்கவில்லை. 2024 டிசம்பரில் பயிற்சியின்போது, நின்றிருந்த தபால் வண்டியின் கதவு திடீரெனத் திறக்க அதில் மோதி விலா, தோள்பட்டை, கை என்று பல இடங்களில் எலும்பு முறிந்திருந்தது. டூரில் ஒரு நாள் ஓட்டத்தைக் கட்டம் என்பார்கள். ஐந்தாம் கட்டமான தனிநேர ஓட்டத்தை வென்றவர், பதினான்காம் கட்டத்தில் டூர்மலே மலையில் ஓட்டத்தைக் கைவிட்டார். 2023 வுவெல்டாவில் அவர் ஒரே நாளில் 27 நிமிடங்களை இழந்ததும் அதே டூர்மலேயில் முடிந்த கட்டத்தில்தான். அப்போது மறுநாளே எழுந்து இன்னொரு கட்டத்தை வென்று, எல்லைக்கோட்டருகே அழுதார். 2025இல் மறுநாள் இல்லை.

மூன்று வாரத்துக்குள் அறிவிப்பு வந்தது. 2024இல் ரெட் புல் நிறுவனம் போரா அணியின் 51 சதவீதப் பங்கை வாங்கியதிலிருந்து அங்கே பணமும் ஆய்வுக்கூடமும் காற்றியல் நிபுணர்களும் மலைத்துணைகளும் குவிந்துகொண்டிருந்தன. ஆனால் அங்கே இன்னொன்றும் இருந்தது: 2025 டூரில் மூன்றாவதாக வந்த ஃபுளோரியன் லிபோவிட்ஸ், மூத்தவரான பிரிமோஸ் ரொக்லிச். பழைய வீட்டில் தனியொரு தலைவன், துணை குறைவு. புதிய வீட்டில் துணை நிறைய, தலைவர்களும் நிறைய. இதில் எது மேல் என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. 25 வயதில் அதைத் துணிந்து தெரிவு செய்தார் என்பதையே நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

இந்தத் தெரிவில் அவர் தனியாக இல்லை. அவருடைய தந்தை பட்ரிக் ஏவனபூல் தொழில்முறை சைக்கிள் வீரராக இருந்தவர், 1993இல் வல்லோனிய கிராண்ட் பிரீ ஓட்டத்தை வென்றவர். மகனின் முகவராக நின்று ஒப்பந்தப் பேச்சுகளை நடத்தியவரும் அவரே. தந்தைக்குத் தொழில் தெரியும் என்பது பெரிய பலம். மகன் விழுந்து கிடக்கும்போது எப்போது சைக்கிளில் ஏற்ற வேண்டும், எப்போது ஏற்றக்கூடாது என்று அணியின் மருத்துவருடன் நேருக்கு நேர் பேச முடிந்த தந்தை அவர். ஆனால் தந்தையே முகவராக இருக்கும்போது, மகன் களைப்பைச் சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு. சாப்பாட்டு மேசையும் பேரம் பேசும் மேசையும் ஒன்றாகிவிடுகிறது. ஏவனபூல் வீட்டில் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை. எந்த நாட்டிலும் விளையாட்டுப் பிள்ளை உள்ள வீட்டில் இது நடக்கக்கூடியது.

குடும்பம் என்றால் சைக்கிள் உலகில் எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது மத்யூ வான் டெர் பூல். நெதர்லாந்துக்காக ஓடுபவர். தந்தை அட்ரி வான் டெர் பூல் 1986இல் பெல்ஜியத்தின் பெரிய ஒருநாள் ஓட்டமான பிளாண்டர்ஸை வென்றவர். தாய்வழித் தாத்தா ரேமோன் பூலிடோர் பிரான்ஸ் முழுவதும் நேசித்த வீரர். டூரில் பலமுறை இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தும், தலைமைக்கு அடையாளமான மஞ்சள் மேலாடையை ஒரு நாள்கூட அணியாமலே 2019 நவம்பரில் காலமானார். 2021 டூரின் இரண்டாம் நாளில், மூர் டி பிரித்தான் ஏற்றத்தில் வென்று பேரன் அந்த மஞ்சள் ஆடையைப் பெற்றார். எல்லைக்கோட்டில் வானத்தை நோக்கி விரல் நீட்டினார், பேட்டியில் பேச முடியாமல் அழுதார். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு இன்றும் மறக்காது.

இத்தனை பெருமை கொண்ட குடும்பத்துப் பிள்ளை, பெரிய அணிகள் காத்திருந்த காலத்திலும், இளம் வயதில் தன்னை எடுத்து வளர்த்த ரூடோஃப்ட் சகோதரர்களின் அணியிலேயே இருந்துவிட்டார். அந்த அணி அவரோடு சேர்ந்து வளர்ந்து முதல்தரத்துக்கு வந்தது. அவர் 2020, 2023, 2024 என மூன்று முறை பிளாண்டர்ஸை வென்றார், 2023இல் உலகப் பட்டத்தையும் பெற்றார். ஒருநாள் ஓட்டங்களே அவர் பலம். அதற்குத் தேவையானது அந்த அணியில் இருந்தது, அதனால் போகவில்லை. ஏவனபூல் போனதற்கும் வான் டெர் பூல் போகாததற்கும் காரணம் ஒன்றுதான். இருவரும் தங்கள் வேலை எது என்பதை அறிந்திருந்தார்கள்.

டொம் பிட்கொக் என்ற ஆங்கிலேயர் இன்னும் வித்தியாசமான வழியில் போனார். இனியோஸ் கிரெனடியர்ஸ் என்ற செல்வம் மிகுந்த அணியை 2024 இறுதியில் விட்டு, இரண்டாம் தரத்தில் இருந்த கியூ 36.5 அணிக்கு இறங்கினார். பலர் இதைப் பின்னடைவு என்றார்கள். 2025 வுவெல்டாவில் அவர் மூன்றாவதாக வந்தார்.

இனி ஒப்பந்தங்களைப் பற்றிக் கொஞ்சம். சர்வதேச சைக்கிளோட்டச் சங்கத்தின் விதிப்படி ஒரு வீரரின் அணிமாற்றத்தை ஆகஸ்ட் 1ஆம் திகதிக்கு முன் அறிவிக்கக்கூடாது. ஏவனபூலின் செய்தி ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்ததன் காரணம் இதுவே, பேச்சு அதற்கு வெகு முன்பே நடந்திருக்கும். முதன்முறை தொழில்முறைக்கு வரும் இளம் வீரருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டவனை அந்த ஆண்டு முடிவில் வெளியே தள்ளாமல் இருப்பதற்கான காப்பு அது. முதல்தர அணிகளில் சம்பளத்துக்குக் கீழெல்லை உண்டு. 2023இல் அது ஆண்களுக்கு ஆண்டொன்றுக்கு 40,000 யூரோவுக்குச் சற்று மேல், புதியவர்களுக்கு 32,000 யூரோவுக்குச் சற்று மேல். அணி நொடித்துப்போனால் வீரர்களுக்குச் சம்பளம் கிடைப்பதற்காக வங்கி உத்தரவாதமும் வைக்க வேண்டும்.

விதிகள் இருந்தும் ஒப்பந்தத்தை முறிப்பவர்கள் இருக்கிறார்கள், அதன் விலையும் இருக்கிறது. பெல்ஜியத்தின் வௌட் வான் ஆர்ட் 2018இல் தன் பழைய அணியுடனான ஒப்பந்தத்தைத் தானாகவே முறித்துக்கொண்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, மேன்முறையீட்டில் 662,000 யூரோ இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பானது. 2003இல் பிறந்த இன்னொரு பெல்ஜியரான சியன் அய்ட்டெப்ரூக்ஸ், 2023 டிசம்பரில் போராவிலிருந்து விஸ்மா அணிக்குப் போனதாக அறிவித்தார். 2024 இறுதிவரை அவர் எங்களவர் என்றது போரா. சில வாரங்கள் அவருக்கு எந்த அணி என்றே தெளிவில்லாமல் இருந்தது. பேசித் தீர்த்தார்கள். பிறகு அங்கும் தங்காமல் 2026க்கு மொவிஸ்டார் அணிக்குப் போய்விட்டார். ஸ்பெயினின் ஹுவான் அயூசோ 19 வயதில் வுவெல்டாவில் மூன்றாவதாக வந்தவர். 2028வரை ஒப்பந்தம் இருந்தும் 2025 முடிவில் யூஏஈ அணியை விட்டார். அந்த அணியில் டூரைப் பலமுறை வென்ற தடேய் பொகாச்சர் இருக்கிறார், 2030வரை ஒப்பந்தத்துடன். அவர் இருக்கும்வரை அந்த வீட்டில் இன்னொருவர் தலைப்பிள்ளை ஆக முடியாது. நீண்ட ஒப்பந்தம் பாதுகாப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். தவறான இடத்தில் எழுதிய நீண்ட ஒப்பந்தம் ஓர் இளைஞனின் மிகச் சிறந்த ஆண்டுகளை அடைத்து வைத்துவிடும் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

இவர்கள் எல்லோரையும் விட நம் பகுதியில் சொல்லப்பட வேண்டிய கதை பினியாம் கிர்மாயினுடையது. எரித்திரியாவின் அஸ்மாரா நகரில் 2000இல் பிறந்தவர். நீண்ட போரைக் கண்ட நாடு, கடவுச்சீட்டும் விசாவும் எளிதில் கிடைக்காத நாடு. ஆனால் சைக்கிள் ஓட்டம் அங்கே மக்களின் விளையாட்டு. தந்தை தச்சுத் தொழிலாளி, பிள்ளைகளோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் டூரைப் பார்ப்பவர். கிர்மாய் சுவிட்ஸர்லாந்தின் ஏகிள் நகரில் சர்வதேச சங்கம் நடத்தும் உலக சைக்கிள் மையத்துக்குத் தெரிவானார். சிறிய நாடுகளின் திறமையான பிள்ளைகளை அழைத்துத் தங்கவைத்து, பயிற்சி கொடுத்து, ஐரோப்பிய ஓட்டங்களில் இறக்கும் இடம் அது. கென்யாவில் பிறந்து பின்னர் நான்கு முறை டூரை வென்ற கிறிஸ் ஃபுரூமும் 2007இல் அங்கே இருந்தவர்தான். 2018இல் பெல்ஜியத்தில் நடந்த இளையோர் ஓட்டமொன்றின் ஒரு கட்டத்தில் கிர்மாய் வென்றார். அன்று அவரிடம் தோற்றவர்களில் ஏவனபூலும் ஒருவர்.

இருவரும் ஒரே வயது, ஒரே வீதியில் ஓடியவர்கள். அதன்பின் ஒருவருக்குத் தன் நாட்டின் முதன்மை அணி கதவைத் திறந்து வைத்தது. மற்றவர் பிரான்ஸின் ஒரு சிறிய அணியில் சேர்ந்தார். அது பணநெருக்கடியில் தள்ளாடவே, 2021 நடுவில் பெல்ஜியத்தின் இன்டர்மார்ஷே அணிக்கு மாறினார். முதல்தர அணிகளில் சிறியதும் வசதி குறைந்ததுமான அணி. ஆனால் அவரைக் கடைசி விரைவோட்டத்துக்கு முதன்மை வீரராக நம்பிய அணி.

2022 மார்ச் இறுதியில் கென்ட் வெவெல்கெம் ஓட்டத்தை வென்றார். பெல்ஜியத்தின் பெரிய வசந்தகால ஓட்டமொன்றை ஆபிரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் வென்றது அதுவே முதல்முறை. ஒரு வாரத்தில் பிளாண்டர்ஸ். எல்லோரும் அவர் ஓட வேண்டும் என்றார்கள். அவர் ஓடவில்லை. மனைவியையும் சின்ன மகளையும் கண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. முன்பே முடிவு செய்தபடி அஸ்மாராவுக்குப் புறப்பட்டார். அணியும் அதற்கு இணங்கியது. கத்தாரிலும் சவூதியிலும் உழைக்கும் உறவினர்களைக் கொண்ட நம் வீடுகளுக்கு அந்த மூன்று மாதத்தின் எடை தெரியும். விளையாட்டு விமர்சகர்கள் எத்தனை பேர் அதை வீணான வாய்ப்பு என்று எழுதினாலும், அவர் செய்தது சரி என்பதே என் எண்ணம். மே மாதம் இத்தாலிய ஓட்டத்துக்குத் திரும்பி வந்து, வான் டெர் பூலை முந்தி ஒரு கட்டத்தை வென்றார். மேடையில் போத்தலைத் திறக்கும்போது மூடி கண்ணில் பட்டு ஓட்டத்தை விட நேர்ந்தது. 2024 டூரில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதல்வருக்கான பச்சை மேலாடையோடு அந்த ஓட்டத்தை நீஸ் நகரில் முடித்தார்.

2025இல் அனுசரணைப் பணம் இறுகி இன்டர்மார்ஷே அணி லொட்டோ அணியுடன் இணைய வேண்டியதாயிற்று. கிர்மாய் மீண்டும் புதிய அணி தேடி 2026க்கு என்எஸ்என் அணிக்குப் போனார். அணி மாறுவது எப்போதும் வீரனின் விருப்பம் என்று எண்ணக்கூடாது. சைக்கிள் அணிகளுக்கு மைதானமும் இல்லை, நுழைவுச்சீட்டு வருமானமும் இல்லை. அனுசரணையாளர் கைவிட்டால் அணியே மறைந்துவிடும்.

இப்போது நம் கரைக்கு வருவோம். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஊர்கள் பலவற்றில் மரதன் ஓட்டமும் சைக்கிள் ஓட்டமும் இல்லாமல் காலைப் பொழுது தொடங்குவதில்லை. கியர் இல்லாத லுமாலா சைக்கிளில், வெறுங்காலோடு ஓடி வென்று வரும் பையன்களைக் கைதட்டி வரவேற்கிறோம். அத்தோடு விட்டுவிடுகிறோம். பிரதேச செயலக மட்டம், மாவட்டம், மாகாணம், தேசிய விளையாட்டு விழா என்று படிகள் இருக்கின்றன. மேலே ஏற ஏற சாதாரண சைக்கிள் போதாது. ஐரோப்பிய முதல்தர வீரர்களின் சைக்கிள் ஒன்று 10,000 யூரோவுக்கு மேல், நம் காசில் முப்பது இலட்சத்தைத் தாண்டும். அதில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும் பந்தய சைக்கிளைக்கூட மீன்பிடியிலோ வயலிலோ வாழும் குடும்பம் வாங்க முடியாது. பயிற்சிக்கு A4 வீதி இருக்கிறது, சமதரை, பஸ்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் நடுவில். மலை வேண்டுமென்றால் செங்கலடி பதுளை வீதியில் பிபிலையைத் தாண்டிப் போக வேண்டும்.

களுவாஞ்சிகுடியிலோ திருக்கோவிலிலோ 19 வயதுப் பையன் ஒருவன் தேசிய விழாவில் நல்ல இடம் பெற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தோடு சைக்கிள் ஓட இந்த நாட்டில் இருக்கும் முக்கியமான வழி இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளே. அங்கே நல்ல சைக்கிள், பயிற்றுவிப்பாளர், உணவு, மருத்துவம், பின்னர் ஓய்வூதியம். ஐரோப்பிய இளைஞன் அணியைத் தெரிவு செய்யும்போது சில ஆண்டுகளைத் தெரிவு செய்கிறான். நம் பையன் அணியைத் தெரிவு செய்தால் உத்தியோகத்தையும் சீருடையையும் வாழ்க்கையையும் ஒன்றாகத் தெரிவு செய்கிறான். போர் முடிந்து 2009இலிருந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், தமிழ்க் குடும்பமொன்றில் அந்தச் சீருடையைப் பற்றிய பேச்சு எழும்போது அம்மம்மா எழுந்து உள்ளே போய்விடும் வீடுகள் இருக்கின்றன. அந்தத் துயரத்தைப் பையனின் திறமையை மறிக்கும் பிடிவாதம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. போகிறவனைத் துரோகி என்று சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. இரண்டையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இன்னொரு சுமையும் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் கலியாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஆழமாக வேரூன்றிய வழக்கம். அக்கா தங்கைமார் உள்ள வீட்டில் ஆண்பிள்ளைக்கு 20 வயது வந்ததும் அந்த வீட்டுக்கான கல்லும் சீமெந்தும் அவன் கணக்கில் சேரத் தொடங்குகிறது. அவன் சைக்கிளுக்கு ஒரு சில்லு வாங்கினால் மாமா கேட்பார்: தம்பி, தங்கச்சியின் வீட்டுக்கு அத்திவாரம் எப்போது? கேட்பவர் கெட்டவர் அல்ல, தன் காலத்தில் தானும் அப்படிக் கட்டிக்கொடுத்தவர். ஆனால் சைக்கிள் வீரனின் உடல் 19க்கும் 25க்கும் இடையில் உருவாகிறது. கத்தாருக்குப் போய் இரண்டு ஒப்பந்தம் முடித்துவிட்டு வந்து ஓடுகிறேன் என்றால் ஓட முடியாது.

வீட்டார் விலகி நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. பட்ரிக் ஏவனபூல் விலகி நிற்கவில்லை, கிர்மாயின் வீடும் நிற்கவில்லை. வீட்டார் கேட்கும் கேள்வி மாற வேண்டும் என்கிறேன். எவ்வளவு தருவார்கள் என்பதோடு நின்றுவிடாமல், இந்த அணியில் என் பிள்ளை ஆண்டுக்கு எத்தனை ஓட்டம் ஓடுவான், அவன் யாருக்காக உழைப்பான், விழுந்து ஆறு மாதம் படுத்தால் யார் பார்ப்பார்கள், எழுதிய ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது, முறித்தால் என்ன ஆகும் என்று அந்த மாமாவே கேட்கட்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர்களின் வேலைகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்க முடியும், பெரிய செலவொன்றும் இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. பெண்களின் முதல்தர அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் 2020இல்தான் முதன்முதலாக வந்தது, 15,000 யூரோ. 2023இல் அது 32,102 யூரோ ஆனது. மூன்று ஆண்டில் இரட்டிப்புக்கு மேல். உலகில் பெண்களுக்கு இந்தக் கதவு இவ்வளவு வேகமாகத் திறந்துகொண்டிருக்கிறது. இங்கே பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் காலையும் மாலையும் சைக்கிளில் போய்வரும் பிள்ளைகள் கல்லடிப் பாலத்தை நிறைக்கிறார்கள். உயர்தரம் முடிந்ததும் அந்தச் சைக்கிள் தாழ்வாரத்தில் சாய்த்து வைக்கப்படுகிறது. அவர்களில் யாருடைய காலில் என்ன வலு இருந்தது என்று அளந்து பார்க்க நாம் முயன்றதே இல்லை. தூரத்துப் பயிற்சிக்குத் தனியாக அனுப்பப் பயப்படும் பெற்றோரின் பயம் நியாயமானது. அதற்கு மறுமொழி, நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து ஓட ஒரு பெண் பயிற்றுவிப்பாளரும், பின்னால் வர ஒரு வாகனமும்.

ஏகிள் மையத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவது அந்தந்த நாட்டுத் தேசிய சம்மேளனத்தின் வழியாகவே நடக்கிறது. கழகத்தில் பதிவு இருக்க வேண்டும், தேசிய போட்டிகளில் பதிவான நேரம் இருக்க வேண்டும், கடவுச்சீட்டு இருக்க வேண்டும். சித்திரை விழாவில் வெண்கலக் கிண்ணத்தோடு வீடு திரும்பும் பையனுக்கும் பெண்பிள்ளைக்கும் இம்மூன்றில் ஒன்றும் இருப்பதில்லை. கழகப் பதிவையும் நேரப் பதிவையும் ஊர் விளையாட்டுக் கழகங்கள் அடுத்த சித்திரைக்குள் செய்து கொடுக்கலாம். கடவுச்சீட்டுக்கு மட்டும் வீட்டார் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.